கையடக்க இன்டக்ஷன் ஹீட்டர்: திருகோணமலையில் செய்து பார்ப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

உலர்ந்த மூலிகையைப் பொசுக்காமல் சூடாக்கி வாசனை எடுக்கும் வேப்பரைசர்களில், பற்றரியே இல்லாத ஒரு வகை உண்டு. அதன் நுனியில் ஒரு சின்ன உலோக மூடி இருக்கும். அந்த மூடியை வெளியிலிருந்து சூடாக்க வேண்டும். அதற்காக நாமே செய்துகொள்ளும் ஒரு சிறிய பற்றரிக் கருவியைப் பற்றியது இந்தப் பக்கம். உப்புவெளி, கிண்ணியா, மூதூர் பக்கங்களில் இதைச் செய்ய விரும்புகிறவர்கள் கேட்பவற்றைத் தொகுத்திருக்கிறேன். பலரும் முதலில் கேட்பது, எப்படிப் பவரைக் கூட்டுவது என்றுதான். என் பார்வையில் முக்கியமான வேலை சூட்டை வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், வேண்டிய அளவில் நிறுத்துவது. பதில்கள் எல்லாம் அந்த நோக்கில்தான் இருக்கும்.

நெருப்பில்லாமல் மூடி எப்படிச் சூடாகிறது?

செப்புக் கம்பியைச் சுருளாக, அதாவது கொயிலாக, சுற்றி, விநாடிக்கு இரண்டு இலட்சம் தடவைக்கு மேல் திசை மாறும் கறண்டை அதில் ஓட விட்டால், சுருளுக்குள் காந்தப்புலம் அதே வேகத்தில் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளே ஓர் இரும்புப் பொருளை வைத்தால் அதன் உடம்பிலேயே சுழல் மின்னோட்டம் உண்டாகும். அந்த ஓட்டத்துக்கு உலோகம் காட்டும் தடைதான் சூடாக வெளிவருகிறது. இந்தத் தூண்டல் விளைவை மைக்கேல் ஃபரடே 1831இல் கண்டறிந்தார். வீட்டில் இருக்கும் இன்டக்ஷன் அடுப்பும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது.

டைனாவேப் போன்ற பற்றரியில்லா வேப்பரைசர்களின் மூடிக்குள் இரண்டு உலோகம் ஒட்டிய ஒரு சின்னத் தகடு இருக்கும். குறிப்பிட்ட சூடு வந்ததும் அது வளைந்து "டிக்" என்று சத்தம் போடும், ஆறும்போது இன்னொரு தடவை சத்தம் போடும். வழக்கமாக இதை டோர்ச் லைட்டரால் சூடாக்குவார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கடற்கரையில் நின்று டோர்ச் பிடித்துப் பாருங்கள், சுடர் ஓர் இடத்தில் நிற்காது. மூடியின் ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் சூடே ஏறாது. காற்றுக்கு இன்டக்ஷன் அசையாது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சூடும் கிடைக்கும்.

இதில் எந்த மூலிகை போடுவது? கஞ்சாவுக்காகத்தானே எல்லோரும் செய்கிறார்கள்?

கஞ்சா வைத்திருப்பதும் பாவிப்பதும் இலங்கையில் சட்டப்படி குற்றம். அதற்கு இந்தப் பக்கத்தில் உதவி இல்லை. நான் பேசுவது துளசி, புதினா, யூகலிப்டஸ் இலை, லவண்டர், கெமோமைல் போன்றவற்றைப் பற்றி. கடையில் தூபத்துக்கென்று விற்கும் பொடிகளைப் போட வேண்டாம், அவற்றில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. மருந்தடித்த தோட்டத்து இலையும் வேண்டாம்.

இருமலுக்கு, தடிமனுக்கு நொச்சி வேது பிடிப்பதற்குப் பதிலாக இதைப் பாவிக்கலாமா?

வேண்டாம். வேதில் வருவது ஈரமான நீராவி. இதில் வருவது உலர்ந்த, சூடான காற்றும் எண்ணெய் ஆவியும். இரண்டும் நுரையீரலுக்கு ஒன்றல்ல. ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள் இதிலிருந்து விலகி இருப்பது நல்லது. கற்பூரத்தை எந்தக் காரணத்துக்காகவும் உள்ளே போடாதீர்கள், அது சிறு பிள்ளைகளுக்கு நஞ்சு. எரிக்காமல் சூடாக்கினால் தாரும் கரியும் குறையும், ஆனால் "தீங்கே இல்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பலர் இதை அறையில் வாசனைக்கு மட்டுமே பாவிக்கிறார்கள், அதுவே எனக்கும் பிடித்த வழி. மருந்தாக ஒன்றை எடுக்க நினைத்தால் ஒரு சித்த மருத்துவரிடம் கேளுங்கள். கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கிறார்கள், ஆகவே நம் ஊரில் கேட்க ஆளில்லை என்று சொல்ல முடியாது.

எவ்வளவு சூடு வேண்டும்?

160 முதல் 210 பாகை செல்சியஸ் வரை. யூகலிப்டஸின் முக்கிய வாசனைப் பொருளான சினியோல் 176 பாகையளவில் கொதிக்கிறது, லவண்டரின் லினலூல் 198 பாகையளவில், புதினாவின் மென்தோல் 212 பாகையளவில். துளசியில் இருக்கும் யூஜினோலின் கொதிநிலை 250 பாகையையும் தாண்டும். அதற்காக அவ்வளவு தூரம் ஏற்றத் தேவையில்லை. கொதிநிலைக்கு முன்பே இவை எல்லாம் ஆவியாகத் தொடங்கிவிடும், துளசி வாசனை 180 பாகையிலேயே நன்றாக வரும். 230ஐத் தாண்டினால் இலை கருகத் தொடங்கி வாசனை போய்ப் புகை நாற்றம் வரும். வெளியே எடுக்கும் இலை மண்ணிறமாக இருந்தால் சரி. கறுப்பாக இருந்தால் சூடு கூடிவிட்டது.

என்னென்ன பொருள் வேண்டும், எங்கே கிடைக்கும்?

நடுப்பொருள் இசட்.வி.எஸ். போர்ட், அதாவது பற்றரியின் கறண்டை வேகமாகத் திசை மாறச் செய்து கொயிலுக்குக் கொடுக்கும் சுற்று. இரண்டு மொஸ்ஃபெட் (சுவிச் போல் வேலை செய்யும் ட்ரான்சிஸ்டர்), இரண்டு சோக் (கறண்ட் சட்டென்று மாறாமல் தடுக்கும் சுருள்), இரண்டு கபாசிற்றர், சில ரெசிஸ்டர், டயோட் ஆகியவற்றோடு வரும் சின்னப் பலகை அது. "5 முதல் 12 வோல்ட், 120 வாட்" என்று விற்கும் சிறிய வகை போதும். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் தேடலாம், அல்லது ஒன்லைனில் எடுப்பிக்கலாம். மற்றது எல்லாம் இங்கேயே ஒப்பேற்றலாம். எனாமல் பூசிய செப்புக் கம்பியை மோட்டர், ஃபேன் சுற்றிக் கொடுக்கும் கடையில் நிறுத்து வாங்கலாம். கம்பிக்குப் போடும் கண்ணாடிநார் உறையும் அங்கேயே இருக்கும், மறக்காமல் கேளுங்கள். ஃபியூசும் அதன் கூடும் ஓட்டோ ஸ்பேர் பாட்ஸ் கடையில் கிடைக்கும். சூடு தாங்கும் கண்ணாடிக் குழாய்க்கு ஆய்வுகூடங்களில் பாவிக்கும் பொரோசிலிகேற் சோதனைக் குழாய் நல்லது.

போர்ட் வாங்கும்போது கபாசிற்றரைப் பாருங்கள். பொலிப்புரொப்பிலீன் வகையாக இருக்க வேண்டும். மலிவான பொலியெஸ்டர் வகை போட்டிருந்தால், மூடியை விட முதலில் கபாசிற்றர்தான் சூடாகும்.

கொயிலை எப்படிச் சுற்றுவது?

இதில் அவசரப்பட வேண்டாம். முழுக் கருவியின் குணமும் இங்கேதான் தீர்மானமாகிறது.

போர்டோடு வரும் கொயில் பெரும்பாலும் பெருவிரல் நுழையும் அகலத்தில் இருக்கும். நம் மூடிக்கு அது மிகவும் பெரிது. கொயிலுக்கும் மூடிக்கும் நடுவில் இடைவெளி கூடக் கூட, காந்தப்புலம் மூடியில் பிடிக்காமல் வீணாகும். ஆகவே அதைக் கழற்றிவிட்டு நாமே சுற்ற வேண்டும். மூடி தாராளமாக நுழையும் உள்ளகலம் கொண்ட கண்ணாடிக் குழாயை எடுங்கள். அதே வெளியகலம் உள்ள ஓர் இரும்புக் கம்பியிலோ டிரில் பிட்டின் காம்பிலோ கம்பியைச் சுற்றி, பிறகு கழற்றிக் கண்ணாடியில் மாட்டுங்கள். கண்ணாடியிலேயே நேராகச் சுற்றினால் அழுத்தத்தில் வெடிக்கும்.

கம்பி 14 அல்லது 16 எஸ்.டபிள்யூ.ஜி., அதாவது ஏறக்குறைய 2 அல்லது 1.6 மி.மீ. தடிப்பு. இந்த அதிர்வெண்ணில் கறண்ட் செம்பின் மேற்பரப்பில் 0.13 மி.மீ. ஆழத்துக்குத்தான் ஓடும். தடித்த கம்பி வேண்டியது அதன் உள்ளுக்காக இல்லை, மேற்பரப்பு கூடுவதற்காக. மெல்லிய கம்பி போட்டால் கொயிலே கொதித்து, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கை உருக்கும்.

எட்டுச் சுற்று, 16 மி.மீ. அகலம், 20 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்வோம். அதன் தூண்டல் அளவு கிட்டத்தட்ட 0.6 மைக்ரோஹென்றி வரும். போர்டில் 0.33 மைக்ரோஃபரட் கபாசிற்றர் இரண்டு சமாந்தரமாக இருந்தால் மொத்தம் 0.66. இரண்டும் சேர்ந்து அதிர்வது ஏறத்தாழ 250 கிலோஹேர்ட்ஸில். இப்போது இன்னொரு கணக்கு. 12 வோல்ட் கொடுத்தால் கொயிலின் இரு முனைக்கும் நடுவில் உச்சத்தில் 38 வோல்ட் வரும். இந்தக் கொயில், கபாசிற்றர் ஜோடியின் எதிர்ப்பு 0.95 ஓம் அளவு. ஆகவே பற்றரியிலிருந்து 5 அம்பியர் மட்டும் எடுத்தாலும், கொயிலுக்கும் கபாசிற்றருக்கும் நடுவே உச்சத்தில் 40 அம்பியர் சுற்றிக்கொண்டிருக்கும். கொயிலின் கால்களைக் குட்டையாக வைத்து, நிறைய ஈயம் விட்டுச் சோல்டர் பிடிக்கச் சொல்வது அதனால்தான். எனாமலைச் சுரண்டாமல் மேலே ஈயத்தைப் பூசியிருந்தால் அந்த மூட்டு சில நிமிடத்தில் தானாகவே கழன்றுவிடும்.

சூடு மிக வேகமாக ஏறினால் சுற்றைக் கூட்டி, கொயிலை நீளமாக்குங்கள். சுற்றைக் குறைத்தால் சூடு குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது எதிர்மாறானது, கறண்ட் இன்னும் ஏறும்.

என் மூடி சூடாகவே இல்லை, என்ன பிழை?

ஒரு காந்தத்தை மூடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் சூடாகும். 430 வகைத் துருவா இரும்பு காந்தத்தில் ஒட்டும், நன்றாகச் சூடாகும். 304 ஒட்டாது, மந்தமாகவே சூடாகும். செம்பு, பித்தளை, டைட்டானியம் மூடிகள் இந்தச் சிறிய கருவிக்குச் சரிவராது.

எந்தப் பற்றரி நல்லது?

முதல் தடவை செய்கிறவருக்கு என் சிபாரிசு, கம்பியில்லா டிரில்லோடு வரும் 12 வோல்ட் பற்றரிப் பெட்டி. உள்ளே மூன்று லித்தியம் செல் தொடராக இருக்கும், கூடிய கறண்ட் கொடுக்கவே தெரிவு செய்யப்பட்டவை, சார்ஜரும் பொருத்தமாகவே கிடைக்கும். பழுதாகிப்போன டிரில்லின் நல்ல பற்றரி ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது.

தனிச் செல்லில் கட்ட விரும்பினால் 18650 என்னும் உருளை வடிவ லித்தியம் செல்கள் மூன்றைத் தொடராக இணைக்க வேண்டும். பெயரளவில் 11.1 வோல்ட், முழுச் சார்ஜில் 12.6. ஒவ்வொரு செல்லும் தொடர்ந்து 15 முதல் 20 அம்பியர் கொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். சம்சுங் 25ஆர், எல்.ஜி. எச்.ஜி.2 போன்றவை அந்த வகை. சந்தையில் "9900 எம்.ஏ.எச்." என்று அச்சடித்த செல்கள் மலிவாகக் கிடைக்கும். நல்ல 18650 செல்களில் நாம் வழக்கமாகக் காண்பது 2000 முதல் 3500 வரைதான். அச்சடித்த எண் பெரிதானால் செல் பொய்யானது, கையில் எடுத்துப் பார்த்தாலே எடை குறைவாக இருக்கும். பழைய லப்டொப் பற்றரியைப் பிரித்து எடுத்த செல்லும் வேண்டாம், அவை இவ்வளவு கறண்டுக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

செல்லில் நேராகச் சோல்டர் பிடிக்கக் கூடாது, சூட்டில் உள்ளே இருக்கும் பிரிப்புத் தாள் பாழாகும். நிக்கல் பட்டியை ஸ்பொட் வெல்ட் செய்விக்க வேண்டும். செல்கள் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் பி.எம்.எஸ். பலகை, மூன்று செல்லுக்கானது, கட்டாயம் வேண்டும். ஆனால் பி.எம்.எஸ். ஒரு சார்ஜர் இல்லை என்பதையும் மனதில் வைத்திருங்கள். சார்ஜ் செய்ய 12.6 வோல்ட்டில் தானாக நிற்கும் லித்தியம் சார்ஜர் தேவை. வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடப்டரையோ ஓட்டோ பற்றரி சார்ஜரையோ செருகாதீர்கள். சார்ஜ் ஏறும்போது தலையணைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம், சீமெந்துத் தரையில் வையுங்கள்.

9.9 வோல்ட்டுக்குக் கீழே போனால் நிறுத்திவிடுங்கள். பற்றரிக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த மொஸ்ஃபெட்டுகள் முழுதாகத் திறக்க, "கேட்" என்னும் கட்டுப்படுத்தும் காலில் கிட்டத்தட்ட 10 வோல்ட் வேண்டும். குறைந்தால் அரைகுறையாகத் திறந்து தாமே சூடாகும்.

அண்ணா, நாலு செல் போட்டால் இன்னும் வேகமாகச் சூடாகும்தானே?

சூடாகும், தம்பி. ஆனால் போர்ட் நிற்காது. இந்தச் சுற்றில் மொஸ்ஃபெட் தாங்க வேண்டிய உச்ச வோல்டேஜ், கொடுக்கும் வோல்டேஜைப் போல 3.14 மடங்கு. மூன்று செல் முழுச் சார்ஜில் 12.6, அப்போது உச்சம் கிட்டத்தட்ட 40. நாலு செல்லில் 16.8, உச்சம் 53. சிறிய போர்டுகளில் அதிகம் வரும் ஐஆர்எஃப்இசட்44என் மொஸ்ஃபெட்டின் எல்லை 55 வோல்ட். இரண்டு வோல்ட் இடைவெளியை நம்பி ஓட்ட முடியாது, சுவிச் போடும் கணத்தில் எழும் ஒரு துள்ளலே அதைத் தாண்டும்.

வேகம் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். 4 கிராம் மூடி ஒன்றை 30 பாகையிலிருந்து 200க்கு ஏற்ற சுமார் 340 ஜூல் போதும். மூடிக்குள் 40 வாட் போனால் எட்டு, ஒன்பது விநாடி. 80 வாட் போனால் நாலு விநாடி. அந்த நாலு விநாடியில் மூடியின் வெளிப்புறம் கொதிக்கும், உள்ளே இருக்கும் இலைக்குச் சூடு போய்ச் சேர்ந்திருக்காது. தகடு டிக் என்று சொல்லும், நீங்கள் இழுத்தால் வாசனையே இருக்காது. ஏழு முதல் பத்து விநாடிக்குள் டிக் வருமாறு அமைத்தால் இலை சீராகச் சூடாகும்.

சுவிச்சை அழுத்திய உடனே மொஸ்ஃபெட் சுட்டுப்போனது. புதிதாகப் போட்டேன், அதுவும் போனது. ஏன்?

இதுதான் அதிகம் பேரை மனம் வெறுக்க வைக்கும் பழுது. காரணம் தெரிந்தால் ஒரே நாளில் தீரும்.

இந்தச் சுற்றில் இரண்டு மொஸ்ஃபெட்டும் மாறி மாறித் திறக்க வேண்டும். ஒன்று திறந்ததும் மற்றதன் கேட்டைக் கீழே இழுத்து மூடும். தொடங்கும் கணத்தில் வோல்டேஜ் சட்டென்று ஏறினால், இரண்டில் ஒன்று ஒரு நூல் முந்திக்கொண்டு ஆட்டம் தொடங்கும். வோல்டேஜ் மெதுவாக ஏறினால் இரண்டும் சேர்ந்து திறந்துகொண்டு அப்படியே நிற்கும். அதன் பிறகு அது ஹீட்டர் இல்லை, பற்றரிக்குக் குறுக்கே போட்ட ஷோர்ட். சோக் சூடாகும், மொஸ்ஃபெட் பொசுங்கும்.

மெதுவாக ஏறுவதற்குக் காரணங்கள் நாலைந்து உண்டு. சார்ஜ் குறைந்த பற்றரி. மெல்லிய வயர். ஸ்பிரிங் வைத்த மலிவான செல் கூடு. தீப்பொறி பறக்கும் தேய்ந்த சுவிச். "மெல்லத் தொடங்கினால் நல்லது" என்று யாராவது போட்டுக்கொடுத்த சொஃப்ட் ஸ்டார்ட் சுற்றும் இதில் சேரும், மற்றக் கருவிகளுக்கு நன்மை தரும் அந்த ஏற்பாடு இங்கே விஷம்.

ஆகவே பற்றரியிலிருந்து போர்ட் வரை 14 அல்லது 16 கேஜ் சிலிக்கன் வயர், முடிந்தவரை குட்டையாக. 1000 மைக்ரோஃபரட், 25 வோல்ட் கபாசிற்றர் ஒன்றைச் சுவிச்சுக்கு முன்னால், பற்றரிப் பக்கத்தில் போடுங்கள். சுவிச்சுக்குப் பின்னால் போட்டால் அதுவே ஏற்றத்தைத் தாமதப்படுத்தும். ஒரு மொஸ்ஃபெட் போயிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், கேட்டில் இருக்கும் டயோடையும், வோல்டேஜை மட்டுப்படுத்தும் செனர் டயோடையும் மல்டிமீற்றரால் பாருங்கள். புதிதாகப் போட்டது உடனே போவதற்குப் பெரும்பாலும் அந்த டயோட்தான் காரணம். ஓர் உதவிக் குறிப்பு: பழுது பார்த்த போர்டை முதன்முதலில் ஓட்டும்போது பற்றரிக்குத் தொடராக ஒரு 5 அம்பியர் ஃபியூசைப் போட்டு, மூடி இல்லாமல் ஒரு விநாடி மட்டும் அழுத்துங்கள். ஃபியூஸ் போனால் மொஸ்ஃபெட் தப்பக் கூடும்.

சின்னப் பட்டன் சுவிச் போதுமா?

நேராகப் போட்டால் போதாது, 5 அம்பியரில் அதன் முனை கருகும். பி-சனல் மொஸ்ஃபெட் ஒன்றை, உதாரணமாக ஐஆர்எஃப்4905ஐ, பற்றரியின் நேர்க் கம்பியில் போடுங்கள். மொஸ்ஃபெட்டின் மற்ற இரண்டு கால்களில் சோர்ஸ் பற்றரிப் பக்கம், ட்ரெயின் போர்ட் பக்கம். கேட்டிலிருந்து சோர்ஸுக்கு 10 கிலோஓம் ரெசிஸ்டர். பட்டன் கேட்டைத் தரைக்கு, அதாவது பற்றரியின் எதிர் முனைக்கு, இழுக்கும். இப்போது பட்டனில் ஓடுவது ஒன்றிரண்டு மில்லி அம்பியர்தான், மொபைலில் இருந்து எடுத்த பட்டன்கூடத் தாங்கும். போர்டின் உள்ளீட்டுக்குக் குறுக்கே 10 அம்பியர் ஷொட்கி டயோட் ஒன்றைத் தலைகீழாகப் போடுங்கள். சுவிச் விடும் கணத்தில் சோக்குகள் கொடுக்கும் உதையை அது வாங்கிக்கொள்ளும்.

அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடி, விட்டால் நிற்கும் பட்டன்தான் வேண்டும். போட்டுவிட்டால் நிற்கும் வகைச் சுவிச் வைத்த கருவி ஒருநாள் பைக்குள் தானாக ஓடும்.

ஃபியூஸ் 10 அம்பியர். பற்றரியின் நேர் முனைக்கு எவ்வளவு கிட்ட வைக்க முடியுமோ அவ்வளவு கிட்ட. ஃபியூஸ் இல்லாமல் இந்தக் கருவியை யாருக்கும் செய்து கொடுக்காதீர்கள்.

டிக் சத்தம் கேட்காத இடத்தில் என்ன செய்வது? டைமர் போடலாமா?

போடலாம், போடுவது நல்லதும்கூட. நேரம் கணிக்கும் 555 ஐ.சி.யை ஒரு தடவை மட்டும் ஓடும் முறையில் அமைத்தால், ஓடும் நேரம் 1.1 பெருக்கல் ரெசிஸ்டர் பெருக்கல் கபாசிற்றர். 100 மைக்ரோஃபரட் கபாசிற்றரோடு 47 கிலோஓம் ரெசிஸ்டரையும் 50 கிலோஓம் திருகியையும் தொடராக வைத்தால், ஏறத்தாழ 5 முதல் 10.5 விநாடி வரை திருப்பிக்கொள்ளலாம். வெளியீட்டிலிருந்து 4.7 கிலோஓம் வழியாக ஒரு பிசி547 ட்ரான்சிஸ்டருக்குக் கொடுத்து, அது மேலே சொன்ன பி-சனல் கேட்டை இழுக்கட்டும். எலெக்ட்ரோலிற்றிக் கபாசிற்றரின் அளவு முன்பின் இருக்கும், ஆகவே கணக்கை நம்பி நிறுத்தாமல் கைக்கடிகாரத்தை வைத்து நேரத்தைச் சரிபாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். டைமருக்குச் சூடு தெரியாது. ஒரு தடவை சூடாக்கிய மூடியை ஆறும் முன் மறுபடி வைத்தால் அதே எட்டு விநாடியில் அது கருகும் இடத்துக்கே போய்விடும். ஆறும் டிக்கைக் கேட்ட பிறகுதான் அடுத்தது.

ஒவ்வொருவர் கைக்கும் ஏற்றமாதிரி எதை மாற்றலாம்?

ஆழத்தை. மிகக் குறைந்த செலவில் மிகப் பெரிய மாற்றம் தருவது அதுதான்.

கண்ணாடிக் குழாயின் அடியில் மூடி முட்டி நிற்க ஒரு தடுப்பு வைப்போம். அந்தத் தடுப்பை மேலே கீழே நகர்த்தும்படி செய்யுங்கள். ஒரு நீளமான பித்தளைத் திருகை அடியிலிருந்து போட்டு, அதன் தலையில் சூடு தாங்கும் சிலிக்கன் துண்டை ஒட்டினால் போதும். மூடியின் நுனி கொயிலின் நடுவில் நின்றால், நுனியில் இருக்கும் டிக் தகடு முதலில் சூடாகும். சத்தம் சீக்கிரம் வரும், இலை மெல்லிய சூட்டில் இருக்கும், வாசனை தெளிவாக இருக்கும். மூடியை இன்னும் உள்ளே தள்ளி அதன் பக்கச் சுவர் கொயிலின் நடுவுக்கு வந்தால், இலை இருக்கும் இடம் முதலில் சூடாகும். தகடு பிந்தித்தான் சத்தம் போடும், அதற்குள் இலை நன்றாக வெந்திருக்கும். புதினாவுக்கு முதல் நிலை, தடித்த யூகலிப்டஸ் இலைக்கு இரண்டாவது. ஒரு மில்லிமீற்றர் நகர்த்தினாலே வித்தியாசம் தெரியும், ஆகவே திருகில் பெயின்ற் புள்ளி ஒன்று வைத்துக்கொண்டால் பிடித்த இடத்துக்குத் திரும்பி வர முடியும்.

கொயிலுக்குள் சூட்டை எப்படி அளப்பது?

ஓடிக்கொண்டிருக்கும்போது தெர்மோகப்பிளை (மீற்றரில் செருகிச் சூட்டை அளக்கும் கம்பி) உள்ளே விட்டால் காந்தப்புலம் அதையும் ஆட்டும், மீற்றர் ஏதாவது ஓர் எண்ணைக் காட்டும். நிறுத்திய அடுத்த கணமே தொட்டு அளவுங்கள். காய்ச்சலுக்குப் பிடிப்பதுபோல் தூரத்திலிருந்து காட்டும் இன்ஃப்ராரெட் கருவி, பளபளக்கும் இரும்பில் உண்மையை விடக் குறைவாகவே காட்டும். மூடியில் மை அடித்துக் கறுப்பாக்கி அளந்தால் ஓரளவு சரியாக வரும்.

பவர் பாங்கில் ஓட்டலாமா?

சாதாரண 5 வோல்ட் பவர் பாங்கில் முடியாது. வேகமாகச் சார்ஜ் செய்ய வோல்டேஜைக் கூட்டிக் கொடுக்கும் பி.டி. வகையில் 12 வோல்ட் எடுத்தாலும் பெரும்பாலும் 3 அம்பியர்தான் எல்லை, தொடங்கும் கணத்தில் பவர் பாங்க் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஓட்டோவின் 12 வோல்ட் பற்றரியில், எஞ்சின் நிற்கும்போது, ஃபியூசோடு ஓட்டலாம்.

ஒரு சார்ஜில் எத்தனை தடவை?

2500 எம்.ஏ.எச். செல் மூன்றில் கிட்டத்தட்ட 28 வாட் மணி இருக்கும். ஒரு தடவைக்கு 12 வோல்ட், 5 அம்பியர், 8 விநாடி என்றால் 480 ஜூல். தாளில் இருநூறு தடவை வருகிறது. 9.9 வோல்ட்டில் நிறுத்துவதையும் இழப்புகளையும் கழித்தால் நூறு, நூற்றைம்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கடற்காற்றில் போர்ட் பச்சை பிடிக்கிறதே?

உப்பும் ஈரமும் சேர்ந்தால் செப்புக்கு அதுதான் கதி. வாடைக்காற்றோடு மழை தொடங்கும் ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை இன்னும் மோசம். சோல்டர் வேலை முடிந்ததும் ஃப்ளக்ஸ் கறையை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் நன்றாகக் கழுவுங்கள். கறைக்கு மேல் பூச்சு அடித்தால் அரிப்பு உள்ளுக்குள்ளேயே நடக்கும். பிறகு போர்டுகளுக்கென்று விற்கும் பூச்சையோ, நிறமில்லாத நகப்பூச்சையோ மெல்லியதாக இரண்டு தடவை பூசலாம். மொஸ்ஃபெட்டின் உலோக முதுகிலும் கொயிலிலும் பூச வேண்டாம். பற்றரி முனைகளில் துளி வாஸ்லின். நிலாவெளிக் கடற்கரையில் பாவித்துவிட்டு வந்தால், வெளியே வைக்காமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். நிறுத்திய வாகனத்துக்குள் மத்தியான வெயிலில் விட்டுப் போவது பற்றரிக்கு ஆபத்து.

பெட்டி எதில் செய்வது?

மரம் நல்லது. தடித்த பிளாஸ்டிக்கும் சரி. இரும்புப் பெட்டி கொயிலுக்குப் பக்கத்தில் வந்தால் பெட்டியே சூடாகும், கொயிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் 2 சென்ரிமீற்றர் இடம் விடுங்கள். காற்றுப் போக அடியிலும் மேலேயும் துளை.

யாருக்கு ஆபத்து?

இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதைக் கையில் எடுக்கவே கூடாது. மோதிரம் போட்ட விரலைக் குழாய்க்குள் விடாதீர்கள், தங்கத்திலும் சுழல் மின்னோட்டம் ஓடும், சூடு எலும்பு வரை சுடும். வங்கி அட்டை, ஃபோன், கைக்கடிகாரம் தள்ளியே இருக்கட்டும். ரேடியோவில் இரைச்சல் வந்தால் பயப்பட வேண்டாம், அது இந்த அதிர்வெண்ணின் வேலை.

பஸ்ஸில் கொண்டு போகலாமா?

பற்றரியையும் போர்டையும் பிரித்துக் கொண்டு போங்கள். வயரும் செல்லும் தெரியும்படி கட்டிய ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடியில் நிற்பது யாருக்கும் நல்லதல்ல. கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி பிரட்றிக் கோட்டை வாசலூடாக, இராணுவம் இருக்கும் இடத்தைத் தாண்டிப் போகிறது. கோயிலுக்குப் போகிற நாளில் இதை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விமானத்தில் கையால் செய்த பற்றரிப் பொதியை எடுத்துப் போக நினைக்கவே வேண்டாம்.

படகு எஞ்சினில் துருப்பிடித்து இறுகிய நட்டைக் கழற்ற இது உதவுமா?

எம்6, எம்8 அளவு நட்டுக்கு உதவும். நட்டு மட்டும் உள்ளே வரும்படி அகலமான கொயிலொன்றை வேறாகச் சுற்றி, ஐந்து ஐந்து விநாடியாகச் சூடு கொடுத்து, நடுவில் மொஸ்ஃபெட்டை ஆறவிட்டு வேலை செய்ய வேண்டும். பெரிய நட்டுக்கு இந்த போர்ட் காணாது. முதலில் பெற்றோல் தாங்கியைக் கழற்றி அப்பால் வையுங்கள், எரிபொருள் குழாயையும் துடைத்து மூடுங்கள். சுடர் இல்லாவிட்டாலும், சிவக்கச் சூடான நட்டு பெற்றோல் ஆவியைப் பற்ற வைக்கும்.